மீன் பிங்கோ: நம்ம கடலை வைத்தே பிள்ளைகளுக்கு ஒன்று செய்யலாமா?

உப்புவெளிக் காற்று எழுதியது:

வணக்கம். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வாசிப்பு, படம் வரைதல் என்று ஏதாவது செய்வது வழக்கம். ஆறு வயதுக் குட்டிகளும் இருக்கிறார்கள், பதினொரு வயதுப் பெரிய ஆட்களும் இருக்கிறார்கள். இந்த முறை கடல் உயிர்களைப் பற்றிச் சொல்லலாம் என்று யோசித்தேன். பாடம் மாதிரி நடத்தினால் அரைவாசிப் பேர் வாசலைப் பார்ப்பார்கள். விளையாட்டாகச் செய்தால் இருந்து கேட்பார்கள். அதனால் பிங்கோ நல்லது என்று பட்டது: ஒருவர் சீட்டை எடுத்துக் கூப்பிட, மற்றவர்கள் தங்கள் அட்டையில் அந்தப் படத்தின் மேல் ஒரு கொட்டையை வைத்துக் கட்டங்களை நிரப்பும் விளையாட்டு.

இணையத்தில் தேடினால் அச்செடுத்துக்கொள்ளும் மீன் பிங்கோ அட்டைகள் நிறையக் கிடக்கின்றன. எல்லாம் குளிர்நாட்டுக் கடல். சால்மன், கொட், பென்குயின், நீர்நாய். திருகோணமலையில் பிறந்து, காலையில் மீன்காரரின் ஹோர்ன் சத்தத்தோடு எழும்பும் பிள்ளைக்கு இதை ஏன் கொடுக்க வேண்டும்? இங்கே பாரை இருக்கிறது, கலவாய் இருக்கிறது, திருக்கை இருக்கிறது, நிலாவெளிக்கு எதிரே பவளப்பாறையே இருக்கிறது. நம்ம கடலை வைத்து நாமே ஒன்று செய்வோம் என்று இருக்கிறேன்.

எந்தெந்த உயிர்களைப் போடலாம், அட்டையில் எத்தனை கட்டம் வைக்கலாம், எப்படி விளையாட வைத்தால் உண்மையிலேயே ஏதாவது மனதில் நிற்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெண்கட்டி எழுதியது:

நல்ல முயற்சி தங்கச்சி. ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் படிப்பித்தவள் என்ற முறையில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். மீனின் பெயரைக் கூப்பிடாதீர்கள். "பாரை!" என்று நீங்கள் கத்த, பிள்ளை பாரைப் படத்தைத் தேடிக் கொட்டையை வைத்தால், அங்கே நடப்பது படம் பொருத்துவது மட்டும்தான். மீனைப் பற்றி ஒரு துளியும் உள்ளே போகாது. பெயருக்குப் பதில் குறிப்பைச் சொல்லுங்கள். பிள்ளை யோசித்து, பக்கத்தில் இருப்பவனோடு வாதாடி, பிறகு கொட்டையை வைக்க வேண்டும். அந்த வாதாட்டத்தில்தான் படிப்பு இருக்கிறது.

உதாரணத்துக்குச் சில குறிப்புகள்:

"எனக்கு மூன்று இதயம். என் இரத்தம் நீல நிறம்." இது சாக்குக்கணவாய், ஒக்டோபஸ் என்று பிள்ளைகள் சொல்வது.

"குஞ்சாக இருந்தபோது எனக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். வளர வளர ஒரு கண் நகர்ந்து மற்றக் கண்ணோடு ஒரே பக்கம் வந்துவிட்டது. இப்போது மணலில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறேன்." நாக்கு மீன்.

"எங்கள் வீட்டில் முட்டைகளை வயிற்றுப் பையில் சுமப்பது அப்பாதான்." கடற்குதிரை.

"நான் கடலில்தான் இருக்கிறேன். ஆனால் மூச்சு விட மேலே வர வேண்டும், முட்டையிடக் கரைக்கு வர வேண்டும்." ஆமை.

குறிப்பைச் சொல்லி முடித்ததும் உடனே அடுத்ததுக்கு ஓடக் கூடாது. பத்துப் பதினைந்து எண்ணும் அளவுக்குப் பொறுங்கள். யாராவது "டீச்சர், திருக்கையும் மணலில்தானே படுக்கும்?" என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல நேரம் ஒதுக்குங்கள். திருக்கை வயிறு கீழே இருக்கப் படுக்கிறது, நாக்கு மீன் பக்கவாட்டில் சரிந்து படுக்கிறது. படத்தில் காட்டி விட்டால் அவன் மறக்க மாட்டான்.

கிண்ணியாக் கரை எழுதியது:

டீச்சர் சொன்னது சரியான கதை. நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். வாப்பாவோடு சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் போய்வருகிறவன்.

இணையத்துப் படங்களில் மீன் உயிரோடு நீந்தும். நம்ம பிள்ளைகள் அதே மீனைக் கூடைக்குள்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மீன் என்று அவர்களுக்குத் தெரியாது. கணவாயை எடுங்கள். தண்ணீருக்குள் அது ஒரு நொடியில் கோடு கோடாய் நிறம் மாறும், பாறையைப் போலத் தோலை முரடாக்கிக்கொள்ளும். சந்தையில் தோல் உரித்து வெள்ளை வெளேர் என்று கிடக்கும். மயில் மீன் வலையில் ஏறும்போது உடம்பு முழுக்க நீலம் மின்னும், கரைக்கு வருவதற்குள் கறுத்துவிடும். ஆகவே அட்டையின் கட்டத்தில் உயிரோடு இருக்கும் படத்தைப் போடுங்கள், குறிப்புச் சொல்லும் சீட்டின் பின்பக்கத்தில் கூடையில் கிடக்கும் படத்தைப் போடுங்கள். விடை சொன்ன பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டினால் "ஓ, இதுவா அது!" என்பார்கள்.

பட்டியலுக்கு வருகிறேன். பாரை, சூரை, அறக்குளா, கலவாய், விளைமீன், சீலா, முரல், காரல், சூடை, நெத்தலி, கிளிமீன், ஓரா, திருக்கை, கணவாய், சிங்க இறால், நண்டு. இவ்வளவும் இல்லாமல் திருகோணமலை மீன் அட்டை என்று சொல்ல ஏலாது.

பேத்தையைக் கட்டாயம் போடுங்கள். ஊதிப் பெருக்கும் மீன் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூடவே அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கரைவலை இழுத்து முடிந்ததும் கழித்துப் போட்ட பேத்தையைக் காலால் உருட்டி விளையாடும் பிள்ளைகள் நம்ம கரையில் உண்டு. அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உப்புவெளிக் காற்று எழுதியது:

டீச்சர், தம்பி, இருவருக்கும் மிக நன்றி. சீட்டின் பின்பக்கம் கூடைப் படம் என்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இந்தக் கிழமையே சந்தைக்குப் போய்ப் படம் எடுக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். திமிங்கிலத்தைப் போடலாமா? திருகோணமலைக் கடல் என்றால் திமிங்கிலம் இல்லாமல் எப்படி? ஆனால் மீன் பிங்கோ என்று பெயர் வைத்துவிட்டுத் திமிங்கிலத்தைப் போட்டால் அதுவும் மீன் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களே.

புறாமலைத் துடுப்பு எழுதியது:

அக்கா, திமிங்கிலத்தைப் போடுங்கள். தயங்கவே வேண்டாம். உலகத்தில் இதுவரை வாழ்ந்த விலங்குகளில் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம், அது நம்ம துறைமுகத்துக்கு வெளியே வந்து போகிறது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில் அது வருவதற்குக் காரணம் கடலடிப் பள்ளத்தாக்கு. திருகோணமலையில் அந்தப் பள்ளத்தாக்கு துறைமுக வாயிலிலிருந்தே ஆழமாகத் தொடங்கிவிடுகிறது. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் நின்றபடியே திமிங்கிலம் மூச்சு விடும் நீர்த்தூணைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மீனா இல்லையா என்ற குழப்பம்தான் இந்த விளையாட்டின் நல்ல பகுதியே. திமிங்கிலம் பால் குடித்து வளர்வது, நுரையீரலால் மூச்சு விடுவது. வாலைப் பாருங்கள். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், திமிங்கிலம் மேலும் கீழும் அடிக்கும். கையால் செய்து காட்டினால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். சுறாவைப் பார்த்து "இதுவும் பெரிசு, அதுவும் பெரிசு" என்பார்கள். சுறா மீன்தான், ஆனால் உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவைச் சுற்றித் திரியும் கருந்துடுப்புச் சுறாவை ஒரு கட்டத்தில் வையுங்கள். துடுப்பின் நுனி மையில் தோய்த்த மாதிரி இருக்கும். பெரியதே ஓர் ஆளின் உயரத்துக்குள் அடங்கும், மனிதரைக் கண்டால் விலகிப் போகும். சினிமா பார்த்துவிட்டுச் சுறா என்றாலே அலறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெண்கட்டி எழுதியது:

மீன் அல்லாதவற்றின் கட்டத்துக்கு வேறு நிறத்தில் ஓரம் அடிக்கலாமா என்று யோசித்தேன். திமிங்கிலம், ஆமை, ஒக்டோபஸ், நண்டு, இறால், சொறி (ஜெலிமீன்), நட்சத்திர மீன் எல்லாவற்றுக்கும் மஞ்சள் ஓரம்.

புறாமலைத் துடுப்பு எழுதியது:

வேண்டாம் டீச்சர். ஓரம் அடித்தால் விடையை நாமே கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிள்ளை உயிரைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்ப்பான். விளையாடி முடித்த பிறகு எல்லாச் சீட்டுகளையும் நடுவில் கொட்டி, "மீன் ஒரு குவியல், மீன் இல்லாதது ஒரு குவியல், பிரியுங்கள்" என்று விட்டுவிடுங்கள். செவுள் இருக்கிறதா, முதுகெலும்பு இருக்கிறதா, துடுப்பு இருக்கிறதா என்று மூன்று கேள்வி போதும். கடற்குதிரையில் வந்து எல்லோரும் முட்டுவார்கள். அது மீன்தான்: செவுள் உண்டு, முதுகெலும்பு உண்டு, முதுகில் சின்னத் துடுப்பும் உண்டு.

வெண்கட்டி எழுதியது:

சரி, அது என் யோசனையை விட நல்லது. ஓரம் வேண்டாம்.

எண்சாண் எழுதியது:

கட்டம் எத்தனை என்று முதலில் கேட்டிருந்தீர்கள், அதற்கு இன்னும் யாரும் மறுமொழி சொல்லவில்லை. கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

சீட்டு 24, அட்டையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் என்று வையுங்கள். 24 உயிர்களில் ஒன்பதைத் தெரிவு செய்ய 1,307,504 வழி இருக்கிறது. ஒரே அட்டை இரண்டு பேருக்குப் போய்விடுமோ என்ற பயமே வேண்டாம். கணினி கூடத் தேவையில்லை. 24 சீட்டையும் நன்றாகக் குலுக்கி ஒன்பதை எடுத்து வையுங்கள், அது ஓர் அட்டை. மீதியில் ஒன்பதை எடுத்தால் இன்னோர் அட்டை. பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்குங்கள்.

எதை வெற்றி என்று வைப்பது என்பதுதான் முக்கியம். ஒன்பது கட்டமும் நிரம்பினால்தான் வெற்றி என்றால், ஒரு பிள்ளையின் அட்டை நிரம்பச் சராசரியாக 22 அல்லது 23 சீட்டு எடுக்க வேண்டி வரும். கிட்டத்தட்ட முழுக் கட்டும் முடிந்துவிடும். டீச்சர் சொன்ன மாதிரி ஒவ்வொரு குறிப்புக்கும் பேச்சு, கேள்வி என்று போனால் ஒரு மணித்தியாலத்தை நெருங்கும், சின்னதுகள் நெளியத் தொடங்கிவிடும். ஒரு வரிசை நிரம்பினால் போதும் என்று வையுங்கள். நேராக, குறுக்காக, மூலையிலிருந்து மூலைக்கு, எதுவானாலும் சரி. பிள்ளைகள் பலர் இருக்கும்போது யாராவது ஒருவருக்கு வரிசை சீக்கிரமே வந்துவிடும், அதனால் இரண்டு மூன்று சுற்று போக நேரம் கிடைக்கும்.

பெரியவர்களின் பிங்கோவில் அமெரிக்கப் பக்கம் 75 எண், ஐந்துக்கு ஐந்து அட்டை. பிரித்தானியப் பக்கம் 90 எண், அட்டைக்கு 15 எண். அந்த அளவுகள் எண்ணுக்குச் சரி. குறிப்பைக் கேட்டு யோசிக்கும் விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய அட்டை கொடுத்தால் பிள்ளை திணறும். ஆறு வயதுக்காரருக்கு இரண்டுக்கு மூன்று, ஆறே கட்டம் போதும்.

இன்னொன்று. மிகச் சின்னவர்களுக்கு அட்டையில் உள்ள ஆறு உயிர்களையே சீட்டுக்கட்டாகவும் வையுங்கள். அப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிரம்பும், எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். பெரியவர் விளையாட்டில் அப்படி அமைத்தால் விளையாட்டே கெட்டுவிடும். குட்டிகளுக்கு அதுதான் சந்தோஷம், யாரும் அழ மாட்டார்கள்.

பாலையூற்றுப் பெரியவர் எழுதியது:

எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறீர்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிங்கோ என்பது நம்ம ஊர்க் கொண்டாட்டங்களில் ஆடும் தம்போலாதானே? அட்டைக்குக் காசு கொடுத்து, எண் விழுந்தால் பரிசு. பெயரை மாற்றினாலும் அடிப்படை சூதாட்டத்தின் அடிப்படைதான். அதிர்ஷ்டம் வந்தவன் வெல்கிறான், திறமையோ முயற்சியோ வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுவையைக் காட்ட வேண்டுமா? எங்கள் பக்கத்தில் இதை விரும்பாத பெற்றோர் இருக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறவர்களிலும் உண்டு, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களிலும் உண்டு. அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

உப்புவெளிக் காற்று எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். காசு, பரிசு என்ற பேச்சே எங்கள் கூட்டத்தில் கிடையாது. இருந்தாலும் அதிர்ஷ்டம் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுகிறேன்.

வெண்கட்டி எழுதியது:

ஐயா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்கு விளையாட்டின் உள்ளேயே வழி செய்யலாம். வரிசை நிரம்பிய பிள்ளை "பிங்கோ" என்று கத்தினால் மட்டும் வெற்றி இல்லை. எழுந்து நின்று, அந்த மூன்று உயிர்களைப் பற்றியும் ஒவ்வொரு செய்தி சொல்ல வேண்டும். கேட்ட குறிப்பையே திருப்பிச் சொல்லக் கூடாது, புதிதாக ஒன்று. தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உதவலாம். சீட்டு விழுவது அதிர்ஷ்டம். பேசுவது பிள்ளையின் சொந்த அறிவு.

கிண்ணியாக் கரை எழுதியது:

என்னிடமும் ஒரு வழி இருக்கிறது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டாம். நடுவில் ஒரு பெரிய அட்டை, எல்லோருக்கும் பொது. சீட்டுக்கட்டில் மீன் சீட்டுகளோடு ஐந்து "வலை" சீட்டுகளையும் கலந்து விடுங்கள். அறுந்து கடலில் போன நைலோன் வலை, பிளாஸ்டிக் பை, எண்ணெய்க் கழிவு, டைனமைட், சுருக்கு வலை. ஐந்தும் வெளியே வருவதற்குள் அட்டையில் ஒரு வரிசையை எல்லோரும் சேர்ந்து நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் கடல் தோற்றது. யாரும் யாரையும் வெல்வதில்லை.

டைனமைட் சீட்டு வரும்போது ஏன் அது கூடாது என்று கட்டாயம் சொல்லுங்கள். வெடித்தால் பெரிய மீனோடு குஞ்சும் சாகிறது, அவை ஒதுங்கும் பாறையும் உடைகிறது. செத்ததில் பாதி அடியில் போய்க் கிடக்கும், எடுக்கவே ஏலாது. சட்டப்படியும் குற்றம். கடல்காரர் வீட்டுப் பிள்ளைகள் இதைச் சின்ன வயதிலேயே கேட்பது நல்லது.

பாலையூற்றுப் பெரியவர் எழுதியது:

இது எனக்குச் சம்மதம். தனித்தனியாக வெல்லும் வடிவம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் இந்தப் பொது அட்டை விளையாட்டுக்கு என் பேரப்பிள்ளைகளை அனுப்புவேன்.

நெய்தல் அம்மா எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். என் மகளுக்குக் காது கேட்பது குறைவு. இப்படியான விளையாட்டுகளில் கூப்பிடுகிறவர் சொல்வது அவளுக்குப் பாதிதான் போய்ச் சேரும். மற்றவர்கள் கொட்டையை வைப்பதைப் பார்த்து அவளும் வைப்பாள். யோசிக்க அவளுக்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

குறிப்பை வாயால் சொல்வதோடு கையாலும் காட்ட முடியுமா? நண்டுக்கு இரண்டு கையையும் கிடுக்கி போல வைத்துப் பக்கவாட்டில் நடக்கலாம். பேத்தைக்குக் கன்னத்தை ஊதலாம். திருக்கைக்குக் கைகளை விரித்து மெதுவாக அலைக்கலாம். முரலுக்கு வாய்க்கு முன்னால் ஒரு விரலை நீட்டலாம். அவளும் நானும் வீட்டில் இப்படித்தான் விளையாடுகிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வைத்திருக்கிறோம். கூட்டத்தில் பேசாமல் சைகை மட்டும் காட்டும் ஒரு சுற்று வைத்தால் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள்.

உப்புவெளிக் காற்று எழுதியது:

அக்கா, கட்டாயம் வைக்கிறோம். அந்தச் சுற்றை உங்கள் மகளே நடத்தட்டும். உப்புவெளிக்கு வர முடியும் என்றால் தனிச்செய்தி போடுங்கள். சைகைகள் எல்லாவற்றையும் அவளிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ள எனக்கும் ஆசை.

மூதூரான் எழுதியது:

எல்லோரும் பவளப்பாறை, ஆழ்கடல் என்றே பேசுகிறீர்கள். கொட்டியாரக் குடாவை மறந்துவிட்டீர்களா? மகாவலி வந்து கடலில் விழும் இடம் நம்ம மாவட்டத்தில். அங்கே கண்டல் காடு, சேறு, உவர்நீர். பெரிய கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் கண்டல் வேர்களுக்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. கொடுவாயை எடுங்கள். உவர்நீரிலும் வாழும், ஆற்றுக்குள்ளும் ஏறும், முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். ஆணாகப் பிறந்து வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன் அது. கலவாய் அதற்கு நேரெதிர், பெண்ணாக இருந்து ஆணாகும். இரண்டையும் அடுத்தடுத்துக் குறிப்பாகச் சொன்னால் பெரிய பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

சேற்றுத்தாவி மீனையும் விடாதீர்கள். தண்ணீர் வற்றிய சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகும், கண் இரண்டும் தலைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும். உடம்பு ஈரமாக இருக்கும் வரை வெளியில் நிற்க முடியும்.

தம்பலகாமக் குடாவில் ஒரு காலத்தில் முத்துச்சிப்பி எடுத்தார்கள். தட்டையான, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஓடு. அந்தச் சிப்பியையும் ஒரு கட்டத்தில் வைத்தால் ஊர்ச் சரித்திரமும் சேரும்.

கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மீன் என்றால் குளத்து மீன்தான். விரால், கெளுத்தி, திலாப்பியா. திலாப்பியா இந்த நாட்டு மீனே இல்லை, ஆபிரிக்க மீன், 1950-களில் கொண்டு வந்து குளங்களில் விட்டது. கடல், களப்பு, குளம் என்று மூன்று கட்டாகச் செய்யலாமே?

உப்புவெளிக் காற்று எழுதியது:

மூன்று கட்டு அருமையான யோசனை அண்ணா. கடல் கட்டை முதலில் முடிக்கிறேன், களப்புக்கு உங்களிடம் கேட்டு வருவேன்.

கொட்டைக்கு என்ன பாவிக்கலாம்? கடற்கரையில் சோகியும் சின்னச் சிப்பியும் பொறுக்கி வரலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

புறாமலைத் துடுப்பு எழுதியது:

அக்கா, அதை மட்டும் செய்யாதீர்கள். வெறும் ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருக்கும், அல்லது நாளைக்கு ஒன்று குடிவரும். கடலைப் பற்றிப் படிக்க வந்த பிள்ளை முதல் வேலையாக அதன் வீட்டை எடுத்து வரக் கூடாது. புறாமலையில் என்றால் சிப்பியோ பவளத்துண்டோ எடுப்பது சட்டத்துக்கும் விரோதம். 2003-இல் அது கடல்சார் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புளியங்கொட்டை இருக்கிறதே, அதை விட நல்ல கொட்டை எது?

கட்டில் சேர்க்க இன்னும் இரண்டு சொல்கிறேன். கிளிமீனை வெறும் அழகுக்காக வைக்காதீர்கள். அதன் பற்கள் ஒட்டிச் சேர்ந்து கிளியின் அலகு போல இருக்கும். பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். பக்கத்தில் மிதந்தால் அது கொறிக்கும் சத்தம் காதில் கேட்கும். உள்ளே போன பவளத்தை அரைத்து மணலாகக் கழிக்கும். வெள்ளை மணல் கொஞ்சம் அதன் வயிற்றிலிருந்தும் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள், வாழ்நாளில் மறக்க மாட்டார்கள்.

மற்றது கல்மீன். அசல் பாறைத்துண்டு போலவே கிடக்கும், முதுகு முள்ளில் கடுமையான நஞ்சு. இதற்கான கட்டத்தில் மீன் எது, கல் எது என்று தேட வைக்கும் படத்தைப் போடுங்கள். பாறைத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று ஆயிரம் தரம் சொல்வதை விட அந்தப் படம் அதிகம் செய்யும்.

நெய்தல் அம்மா எழுதியது:

புளியங்கொட்டை ஆறு வயதுக்குச் சரி. அதற்குக் கீழே தம்பி, தங்கச்சி யாராவது கூட வந்தால் வாய்க்குள் போட்டுவிடுவார்கள். போத்தல் மூடி நல்லது, பெரியது. கழுவி வைத்தால் எத்தனை தரமும் பாவிக்கலாம்.

கிண்ணியாக் கரை எழுதியது:

அட்டை விளையாட்டு ஓரளவு பழகியதும் பிள்ளைகளை ஒரு நாள் விடியற்காலை மீன் வந்து இறங்கும் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். அதற்கு வேறு அட்டை வேண்டும். அதில் மீன் பெயரே இருக்கக் கூடாது, உடம்பின் அமைப்பு மட்டும். "பிறை மாதிரி வால்", "உருண்டை வால்", "மேலே பார்த்த வாய்", "அடிப்பக்கம் வாய்", "நாடியில் இரண்டு மீசை", "முதுகு நீலம், வயிறு வெள்ளி". கண்டுபிடித்தால் பென்சிலால் கீறட்டும்.

இதில் எவ்வளவோ இருக்கிறது. சூரையின் வால் பிறை மாதிரி, அடிப்பகுதி விரல் அளவுக்கு ஒடுங்கிக் கெட்டியாக இருக்கும். ஓயாமல் வேகமாக நீந்துகிற மீனுக்குத்தான் அப்படி வால். கலவாயின் வால் உருண்டை. அது பாறைப் பொந்தில் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும், தூரம் ஓடாது. நகரையின் நாடியில் உள்ள இரண்டு மீசையும் மணலைக் கிண்டி இரை தேட. திருக்கைக்கு வாய் அடிப்பக்கம் இருப்பதால் அது எங்கே தின்னும் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

முதுகு நீலம், வயிறு வெள்ளி என்பதை நின்று விளக்குங்கள். சூடையைக் கையில் எடுத்து மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், கடல் நிறம். பிறகு தலைக்கு மேல் தூக்கிக் கீழிருந்து பார்க்கச் சொல்லுங்கள், வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். மேலே பறக்கும் பறவைக்கும் தெரியாது, கீழே வரும் பெரிய மீனுக்கும் தெரியாது. படத்தில் இதைக் காட்ட முடியாது, மீனைக் கையில் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

வெண்கட்டி எழுதியது:

தம்பி, நீங்கள் வகுப்பறைக்கு வந்திருக்க வேண்டிய ஆள்.

போகும்போது ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். தரை வழுக்கும், கத்தி வேலை நடக்கும். வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில் நடுவில் நிற்காமல், யாராவது ஒரு முதலாளியிடம் முதலே சொல்லி வைத்தால் ஒரு மேசையை ஒதுக்கித் தருவார்கள்.

எண்சாண் எழுதியது:

அச்சுக்கு ஒரு குறிப்பு. ஒரு ஏ4 தாளில் இரண்டு அட்டை வரும்படி அமையுங்கள். லெமினேட் பண்ணச் செலவாகும் என்றால் தடித்த மட்டையில் ஒட்டி, மேலே அகலமான செலோடேப் போட்டாலே நீண்ட நாள் உழைக்கும். குறிப்புச் சீட்டுகளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளே மாறி மாறிக் கூப்பிடலாம்.

உப்புவெளிக் காற்று எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. கடல் கட்டுக்கு 24-ஐ இப்படி முடிவு செய்திருக்கிறேன்: பாரை, சூரை, அறக்குளா, கலவாய், சீலா, முரல், சூடை, நகரை, கிளிமீன், கோமாளி மீன், பேத்தை, கல்மீன், நாக்கு மீன், கடற்குதிரை, திருக்கை, கருந்துடுப்புச் சுறா, கணவாய், ஒக்டோபஸ், சிங்க இறால், நண்டு, சொறி, நட்சத்திர மீன், ஆமை, நீலத் திமிங்கிலம். விளைமீன், காரல், ஓரா, நெத்தலி விடுபட்டது எனக்கும் கவலைதான், அவை சந்தை அட்டைக்கு வரட்டும்.

முதல் சுற்று பொது அட்டை, இரண்டாவது சைகைச் சுற்று, மூன்றாவது வீட்டுக்காரர் சம்மதித்த பிள்ளைகளுக்குத் தனி அட்டை. குறிப்புகளை எழுதி முடித்ததும் இங்கேயே போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். குறிப்பாகக் கோமாளி மீனுக்கு எளிமையாக ஒன்று யாராவது எழுதித் தர முடியுமா?

புறாமலைத் துடுப்பு எழுதியது:

இந்தாருங்கள்: "என் வீட்டுக்குக் கையால் தொட்டால் சுடும் விரல்கள் ஆயிரம். மற்ற மீன்கள் பயந்து ஓடும், எனக்கு அதுதான் படுக்கை. எங்கள் குடும்பத்தில் மிகப் பெரியவள் அம்மா. அம்மா போய்விட்டால் அப்பாவே அம்மாவாக மாறிவிடுவார்." வீடு எது என்று கேட்டால் கடற்சாமந்தி. அதன் படத்தையும் அதே கட்டத்தில் போட்டுவிடுங்கள் அக்கா.